உலுரு: ஒரு மணற்கல் மலையின் உரிமை வரலாறு

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், செம்மண் பாலைநிலத்தின் நடுவே தனித்து எழுந்து நிற்கும் மணற்கல் மலை உலுரு ஆகும். நீண்ட காலம் உலக வரைபடங்களில் இது 'ஏயர்ஸ் ராக்' என்ற பெயரில் குறிக்கப்பட்டது. உலுரு - கட்டா ஜுட்டா தேசியப் பூங்காவின் மையமாக விளங்கும் இம்மலை, அனங்கு எனப்படும் தொல்குடி மக்களின் புனிதத் தலமும் ஆகும்.

சூரிய உதயத்திலும் மறைவிலும் நிறம் மாறும் மலை என்றே பலர் உலுருவை அறிவர். ஆனால் கடந்த 150 ஆண்டுகளில் இம்மலையைச் சுற்றி நடந்தவை ஒரு முக்கியமான கேள்வியை எழுப்புகின்றன. ஒரு நிலத்தின் உரிமையாளர் யார்? அதற்குப் பெயர் சூட்டியவரா, பத்திரம் வைத்திருப்பவரா, அதன் மீது யார் கால் வைக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் உடையவரா? இந்த மூன்றும் உலுருவில் வெவ்வேறு காலங்களில் பறிபோயின. வெவ்வேறு காலங்களில்தான் திரும்பவும் கிடைத்தன.

அமைவிடமும் தோற்றமும்

உலுரு ஆஸ்திரேலியாவின் வட பிராந்தியத்தின் தென்பகுதியில் உள்ளது. அருகிலுள்ள பெரிய நகரமான அலிஸ் ஸ்பிரிங்ஸ் வான்வழியாக அளந்தால் சுமார் 335 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சாலை வழியாகச் செல்ல 450 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 863 மீட்டர் உயரத்திலும், சுற்றியுள்ள சமவெளியிலிருந்து 348 மீட்டர் உயரத்திலும் உள்ளது. அடிவாரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 9.4 கிலோமீட்டர். தேசியப் பூங்காவின் பரப்பளவு சுமார் 1,326 சதுர கிலோமீட்டர்.

இம்மலை 'ஆர்கோஸ்' எனப்படும் மணற்கல் வகையால் ஆனது. சாதாரண மணற்கல்லில் குவார்ட்ஸ் துகள்களே மிகுதி. ஆர்கோஸில் ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமமும் கணிசமாகக் கலந்திருக்கும். ஃபெல்ட்ஸ்பார் எளிதில் சிதைந்து களிமண்ணாகிவிடும் தன்மை கொண்டது. அது சிதையாமல் பாறைக்குள் இருக்கிறது என்றால், அந்த மணல் வெகுதூரம் அடித்துச் செல்லப்படாமல் விரைவாகப் படிந்து புதைந்திருக்க வேண்டும்.

சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இப்பகுதியின் தெற்கிலும் மேற்கிலும் உயர்ந்த மலைத்தொடர் ஒன்று எழுந்தது. அப்போது நிலத்தில் தாவரங்கள் தோன்றியிருக்கவில்லை. வேர்களின் பிடிப்பு இல்லாத மொட்டை மலைகளை மழை வேகமாக அரித்து, மணலையும் கற்களையும் அடிவாரத்தில் விசிறி வடிவில் கொட்டியது. மணல் மிகுந்த விசிறி உலுருவாகவும், கூழாங்கற்கள் மிகுந்த விசிறி சுமார் 30 கிலோமீட்டர் மேற்கேயுள்ள கட்டா ஜுட்டா குன்றுகளாகவும் ஆயின. பின்னர் அப்பகுதியைக் கடல் மூடியது. அதன் அடியில் படிந்த சேறும் மணலும் அழுத்த, விசிறிகள் இறுகிப் பாறையாயின. 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை நீடித்த நில அசைவுகளில் உலுருவின் பாறையடுக்குகள் ஏறத்தாழ செங்குத்தாகத் திருப்பப்பட்டன. இன்று மலையின் பக்கங்களில் காணப்படும் இணையான வரிகள் அந்த அடுக்குகளின் விளிம்புகளே.

உலுருவை 'உலகின் மிகப்பெரிய ஒற்றைக்கல்' என்று கூறுவது பரவலான ஒரு தவறு. அது தரையின் மேல் வைக்கப்பட்ட தனிக்கல் போன்றது கிடையாது. மண்ணுக்கடியில் ஆழமாகத் தொடரும் பெரும் பாறைப் படுகையின் வெளியே தெரியும் முனைதான் நாம் காணும் மலை. சுற்றியிருந்த மென்மையான பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிக்கப்பட்டுவிட, கெட்டியான இப்பகுதி மட்டும் எஞ்சியது. அதன் செந்நிறமும் மேற்பரப்புக்கு மட்டுமே உரியது. பாறையின் உள்நிறம் சாம்பல். அதிலுள்ள இரும்புச்சத்து காற்றும் நீரும் பட்டுத் துருவேறுவதால் வெளிப்புறம் சிவந்து தோன்றுகிறது.

அனங்கு மக்களும் ஜுக்குர்ப்பாவும்

பிட்ஜன்ஜாரா, யன்குனிஜாரா மொழிகளைப் பேசும் இப்பகுதித் தொல்குடிகள் தங்களை 'அனங்கு' என்று அழைத்துக்கொள்கின்றனர். மத்திய ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் 30,000 ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர் வாழ்ந்ததற்குத் தொல்லியல் சான்றுகள் உள்ளன. ஆண்டுக்குச் சராசரியாக 300 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் நிலத்தில், மலையிலிருந்து வழியும் நீரைத் தேக்கி வைக்கும் அடிவாரச் சுனைகள் உயிர்நாடியாக இருந்தன. எந்தச் சுனையில் எப்போது நீர் இருக்கும், எந்தச் செடி எப்போது காய்க்கும், எந்த விலங்கு எங்கே ஒதுங்கும் என்ற அறிவு தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது.

இந்த அறிவு, சட்டம், சமயம், உறவுமுறை அனைத்தையும் சேர்த்துக் குறிக்கும் சொல் 'ஜுக்குர்ப்பா'. இதை வெறும் புராணக் கதை என்று மொழிபெயர்ப்பது போதாது. உலகை உருவாக்கிய முன்னோர் நடந்த பாதைகளும், அவர்கள் செய்தவை நிலத்தில் விட்டுச்சென்ற அடையாளங்களும், அவற்றிலிருந்து மனிதர் பின்பற்ற வேண்டிய நெறிகளும் இதில் அடங்கும். உலுருவின் ஒவ்வொரு பிளவும் குகையும் இந்நெறியின் ஏடு போன்றது.

எடுத்துக்காட்டாக, முட்டிஜுலு சுனையருகே குனியா என்னும் மலைப்பாம்புப் பெண், தன் மருமகனைக் கொன்ற லிரு என்னும் நச்சுப்பாம்பு வீரனுடன் போரிட்டாள் என்பது மரபு. அப்போரின் தடங்களாகப் பாறையிலுள்ள வடுக்களை அனங்கு மக்கள் காட்டுகின்றனர். மற்றொரு மரபு மாலா என்னும் சிறு வாலபிகளைப் பற்றியது. வடக்கிலிருந்து சடங்கு நடத்த வந்த மாலா ஆண்கள் மலையின் மேற்குச் சரிவில் ஏறினர். சடங்கு தொடங்கியிருந்ததால், மேற்கிலிருந்து வந்த வேறொரு சடங்குக்கான அழைப்பை அவர்களால் ஏற்க இயலவில்லை. அவமதிக்கப்பட்டதாகச் சினந்த மேற்குத் திசையினர் குர்ப்பனி என்னும் தீய நாயுருவை ஏவ, மாலாக்கள் தெற்கே சிதறி ஓடினர்.

மாலா ஆண்கள் ஏறிய அதே சரிவைத்தான் பிற்காலத்தில் சுற்றுலாப் பயணிகள் ஏறும் பாதையாகக் கொண்டனர். அனங்கு மரபில் அது சடங்குக்கு உரியவர் மட்டுமே செல்லத்தக்க வழி. பின்னாளில் எழுந்த முரண்பாட்டின் வேர் இங்கேதான் உள்ளது.

புதிய பெயர்

1872இல் ஆய்வுப்பயணி எர்னஸ்ட் ஜைல்ஸ், அமேடியஸ் எனத் தாம் பெயரிட்ட உப்பு ஏரியின் மறுகரையிலிருந்து கட்டா ஜுட்டாவைக் கண்டார். ஏரியின் சேற்றைக் கடக்க முடியாமல் திரும்பிய அவரது பயணத்தின் விளைவாக அக்குன்றுகளின் உச்சி, வூர்ட்டம்பர்க் அரசி ஓல்காவின் பெயரால் 'மவுண்ட் ஓல்கா' ஆயிற்று. 'கட்டா ஜுட்டா' என்றால் 'பல தலைகள்' என்று பொருள். 36 குவிமாடக் குன்றுகள் நிற்கும் இடத்திற்கு அது மிகப் பொருத்தமான பெயர்.

அடுத்த ஆண்டு, 1873 ஜூலை 19 அன்று, நில அளவையாளர் வில்லியம் காஸ் உலுருவைக் கண்டார். அப்போது தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமைச் செயலாளராக இருந்த சர் ஹென்றி ஏயர்ஸின் பெயரை அதற்குச் சூட்டினார். பின்னர், தம்முடன் வந்த கம்ரான் என்னும் ஒட்டகக்காரருடன் மலையின் உச்சிக்கு ஏறினார். பாலைநிலப் பயணங்களுக்காக ஆப்கானிஸ்தானிலிருந்தும் அன்றைய பிரித்தானிய இந்தியாவிலிருந்தும் ஒட்டகங்களும் ஒட்டகக்காரர்களும் ஆஸ்திரேலியாவுக்கு வரவழைக்கப்பட்ட காலம் அது. உலுருவில் ஏறியதாக எழுத்தில் பதிவான முதல் நிகழ்வு இதுவே.

'உலுரு' என்ற சொல்லுக்கு வேறு பொருள் எதுவும் இல்லை என்றும், அது அந்த இடத்திற்கே உரிய இயற்பெயர் என்றும் அனங்கு மக்கள் கூறுகின்றனர். ஆனால் ஒருவரிடமும் கேட்காமல் வரைபடத்தில் எழுதப்பட்ட பெயரே அடுத்த நூறாண்டுகளுக்கு அரசின் பெயராக நிலைத்தது.

ஒதுக்கீட்டு நிலமும் 1934ஆம் ஆண்டுக் கொலையும்

வறண்ட இந்நிலம் மேய்ச்சலுக்கு ஏற்றதாக இல்லாததால் குடியேறிகள் இங்கே அதிகம் வரவில்லை. 1920இல் உலுரு உள்ளிட்ட பெரும்பகுதி தொல்குடியினருக்கான ஒதுக்கீட்டு நிலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த அறிவிப்பு அவர்களைப் பாதுகாக்கவில்லை.

1934இல் தொல்குடியினர் ஒருவர் மரபுச் சட்டப்படி கொல்லப்பட்டது தொடர்பாக, காவலர் பில் மெக்கின்னன் சிலரைக் கைது செய்தார். அவர்கள் தப்பி உலுருவை நோக்கி ஓடினர். துரத்திச் சென்ற மெக்கின்னன், முட்டிஜுலு அருகே ஒரு குகையில் ஒளிந்திருந்த யோகுனுன்னா என்பவரைச் சுட்டார், அவர் இறந்தார். 1935இல் அரசு நியமித்த விசாரணைக் குழு, அச்செயல் சட்டப்படி நியாயமானது என்றாலும் தேவையற்றது எனக் கருதியது. மெக்கின்னன் பணியில் தொடர்ந்தார்.

அன்று தப்பியவர்களில் பேடி உலுருவும் ஒருவர். அவர் பல ஆண்டுகள் தம் சொந்த மலைக்குத் திரும்பவில்லை. பிற்காலத்தில் உலுருவின் முதன்மையான மரபுவழி உரிமையாளராக அவரே அறியப்பட்டார். யோகுனுன்னாவின் எலும்புகள் விசாரணைக்காக எடுத்துச் செல்லப்பட்டு அடிலெய்ட் நகருக்குக் கொண்டுபோகப்பட்டன. அவரது மண்டையோடு அருங்காட்சியகச் சேகரிப்பில் இருந்தது அண்மைக் காலத்தில் கண்டறியப்பட்டது. 2022இல் அது உலுருவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. வரலாற்றாசிரியர் மார்க் மெக்கென்னா 2021இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் டு உலுரு' என்னும் நூல் இந்நிகழ்வை விரிவாக ஆராய்கிறது.

சுற்றுலாத் தலமாதல்

1948இல் உலுருவுக்கு முதல் வண்டிப்பாதை போடப்பட்டது. பயணிகள் வரத்தொடங்கியதும் அரசின் பார்வை மாறியது. 1958இல் உலுருவும் கட்டா ஜுட்டாவும் தொல்குடி ஒதுக்கீட்டு நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டு 'ஏயர்ஸ் ராக் - மவுண்ட் ஓல்கா தேசியப் பூங்கா' ஆக்கப்பட்டன. மக்களுக்கென ஒதுக்கிய நிலத்தை அதன் மதிப்பு தெரிந்தவுடன் எடுத்துக்கொண்ட செயல் இது. அடுத்த ஆண்டுகளில் மலையடிவாரத்திலேயே விடுதிகளும் விமானத் தளமும் வந்தன. அனங்கு மக்கள் அங்கே தங்குவதை அதிகாரிகள் விரும்பவில்லை. ஆயினும் அவர்கள் சடங்குகளுக்காகவும் நீருக்காகவும் வேட்டைக்காகவும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தனர்.

1960களில் மேற்குச் சரிவின் பாறையில் இரும்புக் கம்பங்கள் அடிக்கப்பட்டு, பிடித்து ஏறச் சங்கிலி கட்டப்பட்டது. மலையேற்றம் உலுருப் பயணத்தின் முதன்மை நோக்கமாயிற்று. வரிசையாக ஏறும் பயணிகளை அனங்கு மக்கள் 'மிங்கா' என்றனர். எறும்பு என்பது அச்சொல்லின் பொருள்.

செங்குத்தான சரிவு, பாலைநில வெப்பம், உச்சியில் வீசும் காற்று ஆகியவற்றால் ஏறுதல் ஆபத்தானது. பதிவானவரை 37 பேர் இதில் உயிரிழந்துள்ளனர். தங்கள் நிலத்திற்கு வந்த விருந்தினரின் உயிருக்குத் தாங்களே பொறுப்பு என்பது அனங்கு நெறி. ஆகவே ஒவ்வோர் இறப்பும் அவர்களுக்குத் துயரமாகவும் கடமை தவறிய உணர்வாகவும் இருந்தது. உச்சியில் கழிப்பிட வசதி இல்லாததால், மழையில் வழிந்த கழிவு அடிவாரச் சுனைகளையும் மாசுபடுத்தியது.

நில உரிமையும் 1985 ஒப்படைப்பும்

1960களில் ஆஸ்திரேலியா முழுவதும் தொல்குடியினரின் நில உரிமைக் கோரிக்கை வலுத்தது. அதன் விளைவாக வட பிராந்தியத்துக்கான தொல்குடியினர் நில உரிமைச் சட்டம் 1976இல் நிறைவேறியது. மரபுவழித் தொடர்பை நிறுவும் மக்களுக்குக் காலியான அரசு நிலத்தை மீட்டளிக்க அச்சட்டம் வழி செய்தது. ஆனால் ஒரு தடை இருந்தது. தேசியப் பூங்கா ஏற்கெனவே அரசு அமைப்பு ஒன்றின் பெயரில் இருந்ததால் அது 'காலி நிலம்' என்ற வரையறைக்குள் வரவில்லை. 1979இல் கோரிக்கையை விசாரித்த நில ஆணையர், அனங்கு மக்களே மரபுவழி உரிமையாளர் என்று ஏற்றார்; ஆனால் பூங்காவை அவர்களுக்கு வழங்கச் சட்டத்தில் இடமில்லை என்றார். உரியவர் யார் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டும் உரிமை கைக்கு வரவில்லை.

தொடர்ந்த பேச்சுகளுக்குப் பின் 1983 நவம்பரில் பிரதமர் பாப் ஹாக், சட்டத்தைத் திருத்தி உலுருவை அதன் மக்களிடம் ஒப்படைக்கப் போவதாக அறிவித்தார். மலையேற்றம் தடை செய்யப்படும் என்ற வாக்குறுதியும் அப்போது தரப்பட்டது. வட பிராந்திய அரசு இதைக் கடுமையாக எதிர்த்தது.

1985 அக்டோபர் 26 அன்று உலுருவின் அடிவாரத்தில் நடந்த விழாவில், தலைமை ஆளுநர் சர் நினியன் ஸ்டீபன் நில உரிமைப் பத்திரத்தை அனங்கு மக்களிடம் வழங்கினார். மேலே பறந்த சிறு விமானம் ஒன்று, இம்மலை எல்லா ஆஸ்திரேலியருக்கும் உரியது என்ற பதாகையை இழுத்துச் சென்றது. பத்திரத்தைப் பெற்ற மக்கள் அன்றே பூங்காவை 99 ஆண்டுகளுக்கு மத்திய அரசின் பூங்கா அமைப்புக்குக் குத்தகைக்கு விட்டனர். ஒப்படைப்புக்கு அரசு விதித்த நிபந்தனை அது. முதலில் பேசப்பட்ட குத்தகைக் காலம் 50 ஆண்டுகள் மட்டுமே. மலையேற்றத் தடையும் கைவிடப்பட்டது. ஏறுவதற்கு அனுமதி தொடர வேண்டும் என்றே முடிவாயிற்று. சுருங்கச் சொன்னால், நிலம் அவர்களுடையது என்று பத்திரம் சொன்னது. 'ஏறாதீர்கள்' என்று உத்தரவிடும் அதிகாரம் மட்டும் அவர்களுக்கு வரவில்லை.

கூட்டு நிர்வாகம்

ஆனால் 1985ஆம் ஆண்டு ஏற்பாட்டில் ஒரு முக்கியமான கூறு இருந்தது. பூங்காவை நடத்தும் நிர்வாகக் குழுவில் அனங்கு மக்களுக்குப் பெரும்பான்மை இடங்கள் அளிக்கப்பட்டன. மரபு அறிவும் நவீன உயிரியலும் சேர்ந்து செயல்பட இது இடமளித்தது.

தீ மேலாண்மை இதற்குச் சிறந்த சான்று. அனங்கு மக்கள் குளிர்காலத்தில் சிறு சிறு திட்டுகளாகப் புல்லை எரிப்பது வழக்கம். இதனால் பெருந்தீ பரவ எரிபொருள் சேராது. புதிய தளிர்களும் முளைக்கும். அவர்கள் விலக்கப்பட்ட காலத்தில் இவ்வழக்கம் தடைப்பட்டது. 1976இல் ஏற்பட்ட தீயில் பூங்காவின் சுமார் நான்கில் மூன்று பங்கு எரிந்தது. கூட்டு நிர்வாகத்தில் திட்டுத்திட்டாக எரிக்கும் முறை மீண்டும் கொண்டுவரப்பட்டது. அதேபோல், இப்பகுதியில் அழிந்துபோயிருந்த மாலா வாலபிகள் 2005இல் வேலியிட்ட 170 ஹெக்டேர் நிலத்தில் மீண்டும் விடப்பட்டன. கதையிலும் சடங்கிலும் மட்டும் எஞ்சியிருந்த உயிரினம் தன் மண்ணுக்குத் திரும்பியது.

1987இல் யுனெஸ்கோ இப்பூங்காவை அதன் இயற்கைச் சிறப்புக்காக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1994இல் அதன் பண்பாட்டுச் சிறப்பும் ஏற்கப்பட்டது. பாறையின் அழகோடு, மக்களுக்கும் நிலத்துக்கும் உள்ள உறவும் பாதுகாக்கத்தக்க செல்வம் என்பது இதனால் உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

பெயரும் படிப்படியாகவே திரும்பியது. 1993இல் மலையின் அதிகாரப்பூர்வப் பெயர் 'ஏயர்ஸ் ராக் / உலுரு' என இரட்டைப் பெயரானது. 2002இல் வரிசை மாற்றப்பட்டு 'உலுரு / ஏயர்ஸ் ராக்' ஆயிற்று. வட பிராந்தியத்தில் இவ்வாறு அதிகாரப்பூர்வ இரட்டைப் பெயர் பெற்ற முதல் இடம் இதுவே.

மலையேற்றத்தின் முடிவு

தடை விதிக்க இயலாத அனங்கு மக்கள் வேண்டுகோள் வழியைத் தேர்ந்தனர். அடிவாரத்தில் பல மொழிகளில் பலகைகள் வைத்தனர். ஏறுவது குற்றம் என்று அவை சொல்லவில்லை. எங்கள் நெறிப்படி இது புனித இடம், தயவுசெய்து ஏறாதீர்கள் என்று கேட்டுக்கொண்டன. பண்பாட்டு மையமும், அடிவாரத்தைச் சுற்றி வரும் 10.6 கிலோமீட்டர் நடைபாதையும் மலையை அறிய வேறு வழியைக் காட்டின.

இந்தப் பொறுமை பலன் தந்தது. 1990களில் வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் மலை ஏறினர். 2010ஆம் ஆண்டு மேலாண்மைத் திட்டம், ஏறுவோர் விகிதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் பாதையை மூடலாம் என்றது. 2011 முதல் 2015 வரையிலான காலத்தில் அது சுமார் 16 விழுக்காடாகக் குறைந்திருந்தது. 2017 நவம்பர் 1 அன்று நிர்வாகக் குழு பாதையை மூட ஒருமனதாக முடிவெடுத்தது. அதற்குத் தேர்ந்த நாள் 2019 அக்டோபர் 26; ஒப்படைப்பு விழாவின் 34ஆம் ஆண்டு நிறைவு நாள். மூடுவதற்கு முந்தைய மாதங்களில் ஏறக் கூட்டம் அலைமோதியது. அக்டோபர் 25 மாலையில் கடைசிப் பயணி இறங்கியதும் வாயில் அடைக்கப்பட்டது. பின்னர் சங்கிலியும் கம்பங்களும் அகற்றப்பட்டன.

உலுருவிலிருந்து கல்லோ மண்ணோ எடுத்துச் சென்ற பலர், பின்னர் வருந்தி அவற்றை மன்னிப்புக் கடிதத்துடன் அஞ்சலில் திருப்பி அனுப்பிவருகின்றனர். பூங்கா ஊழியர்கள் இவற்றை 'மன்னிப்புக் கற்கள்' என்கின்றனர்.

முடிவுரை

2017 மே மாதம் ஆஸ்திரேலியத் தொல்குடிப் பிரதிநிதிகள் உலுரு அருகே கூடி, 'இதயத்திலிருந்து உலுரு அறிக்கை' என்னும் ஆவணத்தை வெளியிட்டனர். நாட்டின் அரசியலமைப்பில் தங்கள் குரலுக்கு இடம் வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளுள் ஒன்று. 2023 அக்டோபர் 14 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் அக்கோரிக்கை தோற்றது. ஆகவே உலுருவில் கிடைத்த வெற்றியை நாடு முழுவதும் கிடைத்த நீதியாகக் கருத இயலாது.

ஆயினும் மூன்று தேதிகள் மாணவர்கள் நினைவில் கொள்ளத்தக்கவை. 1873இல் பெயர் மாறியது. 1985இல் பத்திரம் கைக்கு வந்தது. 2019இல் மறுக்கும் உரிமை நடைமுறைக்கு வந்தது. பத்திரத்துக்கும் அந்த உரிமைக்கும் இடையே 34 ஆண்டுகள் ஓடின. ஒரு தலைமுறைக் காலம் வேண்டுகோள் பலகைக்கு அருகே நின்று, தங்கள் சொந்த நிலத்தில் பிறர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மக்களின் பொறுமையை அந்த எண் சொல்கிறது. உரிமைப் பத்திரம் பெறுவதோடு நில உரிமைப் போராட்டம் முடிந்துவிடுவதில்லை என்பதை உலுருவின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.